குறைந்த சஸ்பென்ஷன், குறைந்த எடை: மவுன்டெயின் சைக்கிள் உலகம் ஏன் மறுபடியும் 'லைட்' பக்கம் திரும்புது?

2024 ஜூலை 29. பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் மவுன்டெயின் பைக் போட்டி. எலான்கூர் குன்றில் முன்னிலையில் போய்க்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்கின் முன் டயர் பஞ்சர். சக்கரத்தை மாற்றிவிட்டு மறுபடி கிளம்பும்போது சுமார் 40 வினாடி பின்தங்கியிருந்தார். ஆனால் ஒவ்வொருவராக முந்தி, கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டர் கோரெட்ஸ்கியையும் தாண்டி தங்கம் வென்றார். டோக்கியோவுக்குப் பிறகு தொடர்ந்து இரண்டாவது தங்கம்.

அன்று டிவியில் பார்த்த பலருக்கும் கண்ணில் பட்ட விஷயம் இன்னொன்று. பாறைக் குவியல், செங்குத்து இறக்கம், தாவிக் கடக்கும் மேடு என்று பாதை மிரட்டலாக இருந்தது. ஆனால் வீரர்கள் ஓட்டியது தடிமனான, முரட்டு சைக்கிள் இல்லை. ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய, ஒல்லியான சைக்கிள்.

இந்த வகை சைக்கிள்கள் இப்போது பந்தயத்தைத் தாண்டி, சனி, ஞாயிறு மட்டும் காட்டுப் பாதைக்குப் போகும் சாதாரண ஆட்களிடமும் மறுபடி பிரபலமாகி வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை 'பெரிய சஸ்பென்ஷன்தான் கெத்து' என்று இருந்த உலகம் இது. என்ன மாறியது? இது உண்மையான முன்னேற்றமா, இல்லை பழைய கள்ளு புது மொந்தையா? விரிவாகப் பார்க்கலாம்.

(ஒரு சின்ன விளக்கம்: நம்ம ஊரில் 'பைக்' என்றால் மோட்டார் பைக். இந்தக் கட்டுரையில் பேசுவது முழுக்க முழுக்க மிதிக்கும் சைக்கிளைப் பற்றி.)

'டிராவல்' என்றால் என்ன?

சைக்கிளின் முன் ஃபோர்க்கும் பின்பக்க ஷாக்கும் ஒரு கல்லில் ஏறும்போது அமுங்கிக்கொடுக்கும். அதனால் சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு தூரம் மேலே நகர முடியும் என்பதுதான் டிராவல். இதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். பொதுவாக வகைகள் இப்படி:

- கிராஸ்-கன்ட்ரி (பந்தய சைக்கிள்): 100 முதல் 120 மி.மீ.
- 'டவுன்கன்ட்ரி' மற்றும் லைட் டிரெயில்: 115 முதல் 130 மி.மீ.
- டிரெயில்: 130 முதல் 150 மி.மீ.
- எண்டூரோ: 160 முதல் 180 மி.மீ.
- டவுன்ஹில் (இறக்கம் மட்டும்): சுமார் 200 மி.மீ.

டிராவல் கூடினால் ஃபோர்க்கின் குழாய் தடிக்கும், ஃபிரேம் பலமாக வேண்டும், டயர் கனமாகும், பிரேக் பெரிதாகும். எல்லாம் சேர்ந்து எடை ஏறும். ஒரு நல்ல பந்தய சைக்கிள் 10 முதல் 11 கிலோ. எண்டூரோ சைக்கிள் 15 முதல் 17 கிலோ. இப்போது மறுபடி பேசப்படுவது இந்தப் பட்டியலின் முதல் இரண்டு வரிகள்தான்.

இதில் 'டவுன்கன்ட்ரி' என்ற பெயர் பிறந்ததே வேடிக்கை. பிங்க்பைக் தளத்தின் சைக்கிள் விமர்சகர் மைக் லெவி, டவுன்ஹில், கிராஸ்-கன்ட்ரி இரண்டையும் ஒட்டிக் கிண்டலாகப் போட்ட பெயர் அது. கிண்டலை நிறுவனங்கள் சீரியஸாக எடுத்துக்கொண்டு, அதே பெயரில் விற்க ஆரம்பித்துவிட்டன!

தொடக்கத்தில் எப்படி இருந்தது?

கதை கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் தொடங்குகிறது. 1976ல் அங்கே 'ரீபேக்' என்ற இறக்கப் பந்தயம் நடந்தது. ஓட்டியது பழைய, கனமான ஷ்வின் சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். மலையிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் எரிந்தே போகும். ஒவ்வொரு முறையும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும். 'ரீபேக்' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், டாம் ரிச்சி, சார்லி கெல்லி என்று பிற்பாடு பெரிய பெயர்களானவர்கள் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

1981ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 'ஸ்டம்ப்ஜம்பர்' மாடலைக் கொண்டுவந்தது. மொத்தமாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் மவுன்டெயின் சைக்கிள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதில் சஸ்பென்ஷன் கிடையாது. 1989ல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்.எஸ்-1 ஃபோர்க் வந்தது. அதன் டிராவல் 50 மி.மீ கூட இல்லை. ஆனால் அன்றைக்கு அதுவே புரட்சி.

1990களில் கிராஸ்-கன்ட்ரிதான் ராஜா. 1990ல் கொலராடோவின் துராங்கோவில் முதல் அதிகாரப்பூர்வ உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 1996ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் போட்டியாக நுழைந்தது. முதல் தங்கங்கள் நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸுக்கும் இத்தாலியின் பாவ்லா பெட்ஸோவுக்கும்.

அந்தக் காலத்து சைக்கிள் எடை குறைவுதான். ஆனால் ஓட்டுவது கத்தி முனையில் நடப்பது மாதிரி. 26 இன்ச் சக்கரம், ஒல்லி டயர், குறுகிய ஹேண்டில்பார், உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்த நிலை. ஏற்றத்தில் பறக்கும். இறக்கத்தில் கொஞ்சம் அசந்தாலும் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

அப்புறம் ஏன் எல்லாம் பெருசாச்சு?

இந்தப் பயத்துக்கு நிறுவனங்கள் கண்டுபிடித்த எளிய மருந்து, டிராவலைக் கூட்டுவது. 2000களில் பைக் பார்க்குகள் பெருகின. அங்கே லிஃப்டில் ஏறி, சைக்கிளில் இறங்கலாம். மிதித்து ஏற வேண்டிய வேலையே இல்லை. 2013ல் எண்டூரோ வேர்ல்டு சீரிஸ் தொடங்கியது. அந்தப் போட்டியில் இறக்கங்களுக்கு மட்டும்தான் நேரக் கணக்கு. ஏற்றத்தில் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். அப்புறம் இறக்கத்துக்கான சைக்கிளைத்தானே எல்லோரும் கேட்பார்கள்?

வீடியோக்களும் தங்கள் பங்குக்கு வேலை செய்தன. மலை உச்சியிலிருந்து பாய்ந்து இறங்கும் காட்சி பார்க்க அழகு. ஒருவர் 40 நிமிடம் மூச்சிரைக்க மேலே மிதிப்பதை யார் பார்ப்பார்கள்? விளைவு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாதாரண மண் பாதையில் ஓட்டுபவரும் 160 மி.மீ சைக்கிள் வாங்கினார். கொசு அடிக்க பீரங்கி எடுத்த கதை.

ஆனால் இந்தக் காலகட்டம் வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு லைட் சைக்கிள்கள் திரும்பி வந்திருக்கின்றன என்றால், அதற்கான பாடத்தைக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பெரிய சைக்கிள்கள்தான்.

இப்போ என்ன மாறிச்சு? 5 காரணங்கள்

1. கோணம் மாறியது

முன் ஃபோர்க் தரையோடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதுதான் 'ஹெட் ஆங்கிள்'. 1990களின் பந்தய சைக்கிளில் இது சுமார் 71 டிகிரி, அதாவது ஏறக்குறைய நிமிர்ந்த நிலை. இப்போது புதிய பந்தய சைக்கிள்களில் 66 முதல் 68 டிகிரி. அதாவது முன் சக்கரம் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கிறது. க்ரூசர் மோட்டார் பைக்குகளில் முன் ஃபோர்க் சாய்ந்து நீண்டிருக்குமே, அதே தத்துவம்தான். சக்கரம் முன்னால் போகப் போக, செங்குத்து இறக்கத்தில் ஆள் தலைகுப்புற விழும் வாய்ப்பு குறையும். வேகத்தில் நிலையாகவும் இருக்கும்.

அதோடு ஹேண்டில்பார் அகலமாச்சு. அதை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம் குட்டையாச்சு. மொத்த சைக்கிளும் கொஞ்சம் நீளமாச்சு. இது எதற்கும் கூடுதல் எடை தேவையில்லை. வடிவத்தை மாற்றினால் போதும். இறக்கத்தில் தைரியம் தருவது சஸ்பென்ஷனின் அளவு மட்டும் இல்லை, சைக்கிளின் வடிவமும்தான் என்று எண்டூரோ சைக்கிள்கள் காட்டிய பாடம் இதுதான்.

2. 29 இன்ச் சக்கரம்

பெரிய சக்கரம் குழியில் விழாது, கல்லின் மேல் உருண்டு போகும். நம்ம ஊர் சாலைப் பள்ளத்தில் சின்னச் சக்கர ஸ்கூட்டர் 'தொபுக்' என்று விழுவதையும், பெரிய சக்கர பைக் சமாளித்துப் போவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சக்கரமே பாதி வேலையைச் செய்துவிட்டால் சஸ்பென்ஷனுக்கு வேலை குறைவு.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி, 29 இன்ச் சக்கரமும் முன்னும் பின்னும் சஸ்பென்ஷனும் கொண்ட சைக்கிளில் தங்கம் வென்றார். 'பந்தயத்துக்கு பின் சஸ்பென்ஷன் வெறும் சுமை' என்ற பழைய நம்பிக்கைக்கு அது பெரிய அடி.

3. ட்ராப்பர் போஸ்ட், அகல டயர்

ஒரு பட்டனை அழுத்தினால் சீட் கீழே இறங்கும். மறுபடி அழுத்தினால் மேலே வரும். இதுதான் ட்ராப்பர் போஸ்ட். இறக்கத்தில் சீட் தாழ்ந்தால், உடம்பைப் பின்னால், கீழே கொண்டுபோக இடம் கிடைக்கும். சில நூறு கிராம் எடை கூடும் என்று பந்தய வீரர்கள் முன்பு இதைத் தொடவே மாட்டார்கள். இப்போது உலகக் கோப்பையில் இது சாதாரணம்.

டயரும் அப்படித்தான். 2 இன்ச் அகலம் இருந்தது 2.4 இன்ச் வரை வந்துவிட்டது. டியூப் இல்லாத டயர் என்பதால் காற்றைக் குறைவாக வைத்தே ஓட்டலாம். அகல டயரில் குறைந்த காற்று என்றால் அதுவே ஒரு குட்டி சஸ்பென்ஷன்.

4. பந்தயப் பாதையே கடினமாச்சு

ஒலிம்பிக் வகை கிராஸ்-கன்ட்ரி பந்தயம் சுமார் ஒன்றரை மணி நேரம். முன்பு இது பெரும்பாலும் மூச்சு வலிமைக்கான போட்டி. இப்போது தொலைக்காட்சிக்காகவும் ரசிகர்களுக்காகவும் பாதையில் பாறைத் தோட்டங்களும் தாவல் மேடுகளும் வந்துவிட்டன. டோக்கியோ போட்டியில் நெதர்லாந்து நட்சத்திரம் மாத்தியூ வான் டெர் பூல் ஒரு பாறை இறக்கத்தில் மோசமாக விழுந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

பாதை மாறியதும் சைக்கிளும் மாறியது. 2021ல் வந்த ஸ்காட் ஸ்பார்க் ஆர்.சி பந்தய மாடலிலேயே 120 மி.மீ டிராவல். 2024ல் வந்த ஸ்பெஷலைஸ்டு எபிக் 8ம் முன்னும் பின்னும் 120 மி.மீ. அதற்கு முந்தைய எபிக் பந்தய மாடலில் இது 100தான். டிரெக் சூப்பர்கேலிபர் பின்பக்கம் 60லிருந்து 80 மி.மீ ஆனது. ஆக, பந்தய சைக்கிள் கொஞ்சம் 'வளர்ந்தது'. டிரெயில் சைக்கிள் கொஞ்சம் 'இளைத்தது'. இரண்டும் 120 மி.மீ பக்கத்தில் வந்து கைகுலுக்கிக்கொண்டன. சாதாரண ஆட்களுக்கும் பந்தய சைக்கிள் பொருந்த ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

2020ல் வந்த டிரான்சிஷன் ஸ்பர் இதற்கு நல்ல உதாரணம். பந்தயமே ஓட்டாத ஆட்களுக்காக, 120 மி.மீ டிராவலில், இறக்கத்துக்கான வடிவத்தோடு வந்தது. அதே ஆண்டில் ராக்‌ஷாக்ஸும் தன் லைட் ஃபோர்க்கான சிட்-ஐ தடித்த 35 மி.மீ குழாயோடு, 120 மி.மீ டிராவலில் மறுவடிவம் செய்தது. அதன் எடை சுமார் ஒன்றரை கிலோதான். இலேசாகவும் வேணும், வளையவும் கூடாது என்ற இரண்டு ஆசையும் ஒரே பொருளில் கிடைத்தது.

5. இ-சைக்கிள் வந்த பிறகு நடந்த பிரிவினை

மோட்டார் வைத்த மவுன்டெயின் சைக்கிள் வந்ததும் பெரிய டிராவலுக்கு இருந்த முக்கியமான குறை காணாமல் போனது. 22 கிலோ சைக்கிள் என்றாலும் ஏற்றத்தில் மோட்டார் தள்ளும். பெரிய இறக்கம் மட்டுமே வேண்டும் என்பவர்களில் ஒரு பகுதி அந்தப் பக்கம் போனார்கள். 'என் காலாலேயே மிதிப்பேன்' என்பவர்களுக்கு மிச்சமிருக்கும் நியாயமான தேர்வு எது? எடை குறைந்த, மிதிக்கச் சுகமான சைக்கிள்.

கிராவல் சைக்கிள்களும் ஒரு காரணம். மண் ரோட்டுக்கு என்று வளைந்த ஹேண்டில்பாரோடு வந்த அந்த சைக்கிள்களில் பழகியவர்கள், கொஞ்சம் கரடுமுரடான பாதைக்கு ஆசைப்படும்போது அடுத்த படியாகக் கண்ணில் படுவது இந்த லைட் சைக்கிள்தான். அமெரிக்காவில் 2009ல் தொடங்கிய நைக்கா அமைப்பு பள்ளி மாணவர்களுக்கு கிராஸ்-கன்ட்ரி லீக் நடத்துகிறது. அங்கே பிள்ளைகள் கற்றுக்கொள்வதே இந்த வகை சைக்கிளில். தென்னாப்பிரிக்காவின் 8 நாள் கேப் எபிக், கொலராடோவின் 100 மைல் லெட்வில் போன்ற நீண்ட பந்தயங்களுக்கும் இதுதான் பொருத்தம்.

எடை குறைந்தால் உண்மையிலேயே எவ்வளவு லாபம்?

விளம்பரங்கள் எப்போதும் மழுப்பும் கேள்வி இது. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

75 கிலோ எடையுள்ள ஒருவர். ஒரு சைக்கிள் 15.5 கிலோ, இன்னொன்று 12 கிலோ. வித்தியாசம் 3.5 கிலோ. 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செலவிடும் சக்தி 200 வாட் என்று வைத்துக்கொள்வோம் (ஓரளவு பயிற்சி உள்ளவரின் அளவு).

- 15.5 கிலோ சைக்கிளில்: சுமார் 37 நிமிடம்
- 12 கிலோ சைக்கிளில்: சுமார் 35 நிமிடம் 34 வினாடி

வித்தியாசம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. சதவீதத்தில் 4-க்கும் கீழே. சைக்கிளை மட்டும் பார்த்தால் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆனால் மலைக்கு ஆளும் சைக்கிளும் ஒரே சுமைதான். இந்தக் கணக்கில் முக்கால்வாசிக்கு மேல் உங்க உடம்பு.

பந்தயத்தில் ஒன்றரை நிமிடம் என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஓட்டும்போது? மேலே போய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்.

அப்படியென்றால் லைட் சைக்கிள் ஓட்டியவர்கள் எல்லோரும் 'பறக்குது' என்று சொல்வது பொய்யா? இல்லை. அந்த உணர்வு எடையில் இருந்து மட்டும் வருவதில்லை. மூன்று விஷயங்கள் சேர்ந்து வருகிறது.

ஒன்று, டயர். எண்டூரோ டயரின் ரப்பர் மென்மையானது, கட்டைகள் பெரியவை, பக்கச் சுவர் தடிமன். பாறையில் பிடிக்கும், ஆனால் உருளும்போது இழுக்கும். கிராஸ்-கன்ட்ரி டயர் இதற்கு நேர் எதிர். சைக்கிளை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றினாலே பாதி வித்தியாசம் தெரிகிறது என்று பலர் சொல்வது இதனால்தான்.

இரண்டு, சஸ்பென்ஷன் விழுங்கும் சக்தி. பெரிய டிராவல் சைக்கிளில் எழுந்து நின்று மிதித்தால், காலின் உழைப்பில் ஒரு பகுதி ஷாக்கை அமுக்குவதிலேயே போய்விடும். குறைந்த டிராவலில் அந்த ஆட்டம் குறைவு. தேவைப்பட்டால் பூட்டிவிடும் வசதியும் உண்டு. ராக்‌ஷாக்ஸின் ஃப்ளைட் அட்டென்டன்ட் போன்ற எலக்ட்ரானிக் அமைப்புகள் இதைத் தாமாகவே செய்கின்றன.

மூன்று, உடனடி பதில். சக்கரமும் டயரும் இலேசாக இருந்தால் வளைவிலிருந்து வெளியே வந்து வேகம் எடுப்பது சுலபம். சின்ன மேடு வந்தால் கையால் தூக்கித் தாவலாம். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம் கூடியதாலல்ல, மிதித்தவுடன் சைக்கிள் பேச்சைக் கேட்பதால்தான் சிரிப்பு வருகிறது.

சாதாரண பாதையில் பெரிய சைக்கிளுக்கு என்ன குறை?

குறை என்பதைவிட, 'சுவாரஸ்யம் குறையும்' என்று சொல்லலாம். 160 மி.மீ சைக்கிள் சின்னக் கல், வேர், பள்ளம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பாதையில் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். மெத்தை மேல் உட்கார்ந்து போவது போல. குறைந்த டிராவல் சைக்கிளில் அதே பாதை உயிரோடு இருக்கும். எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போவது என்று முன்கூட்டியே பார்த்து முடிவு செய்ய வேண்டும். கண்ணும் கையும் காலும் வேலை செய்யும்.

இதனால்தான் அனுபவசாலிகள் பலர் இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். தெரிந்த பாதையை மறுபடி புதிதாக்கும் வழி இது.

சரி, ஆபத்து எங்கே இருக்கு?

இந்தக் கட்டுரையில் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

புதிய வடிவம் தரும் தைரியம் ஒரு விதத்தில் பொறி. சைக்கிள் நிலையாக இருப்பதால் வேகம் கூடும். ஆனால் தப்பு செய்தால் மன்னிக்க 120 மி.மீ மட்டும்தான் இருக்கிறது. அதிலும் நீங்கள் உட்கார்ந்தவுடன் கால் பங்கு அமுங்கிவிடும். மிச்சம் 90 மி.மீ. டயரின் சுவர் மெல்லியது, பாறை விளிம்பில் கிழியலாம். பிரேக் சிறியது, நீண்ட இறக்கத்தில் சூடாகி பிடிமானம் குறையலாம். 'முடியும்' என்று சைக்கிளின் வடிவம் சொல்லும், 'முடியாது' என்று அதன் பாகங்கள் சொல்லும்.

பலரும் பார்க்காத ஒரு சின்ன ஸ்டிக்கர் இங்கே உதவும். சைக்கிள்கள் எந்தப் பயன்பாட்டுக்கு என்று வகைப்படுத்தும் ஏ.எஸ்.டி.எம் தரநிலை உண்டு. அதன் 3ஆம் வகையில் 61 செ.மீ உயரத்துக்குக் குறைவான தாவல்கள் வரைதான் கணக்கு. 4ஆம் வகையில் 122 செ.மீ வரை. கிராஸ்-கன்ட்ரி சைக்கிள்கள் பொதுவாக 3ல் வரும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு 120 மி.மீ சைக்கிள்கள் இதில் வெவ்வேறு வகையாக இருக்கலாம். ஃபிரேம் உடைந்து வாரன்டி கேட்கப் போகும்போதுதான் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியவரும். உடைவது ஃபிரேம் மட்டும் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தோள்பட்டை எலும்புக்கு வாரன்டி கிடையாது.

இது கம்பெனிகளின் வியாபாரத் தந்திரமா?

பாதி உண்மை. கொரோனா காலத்தில், 2020, 2021ல் உலகம் முழுக்க சைக்கிள் விற்பனை எகிறியது. கடைகளில் சரக்கு இல்லை. நிறுவனங்கள் ஏகப்பட்ட ஆர்டர் போட்டன. சரக்கு வந்து சேரும்போது கூட்டம் கலைந்துவிட்டது. கிடங்குகள் நிரம்பி வழிந்தன, தள்ளுபடி விலைக்குத் தள்ளினார்கள். 2024ல் கோனா பிராண்டை அதன் நிறுவனர்களே திரும்ப வாங்கும் நிலை வந்தது. அதே ஆண்டு இறுதியில் பழம்பெரும் ஜிடி நிறுவனம் புதிய மாடல் வெளியீட்டை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

இப்படி ஒரு சூழலில், ஏற்கெனவே சைக்கிள் வைத்திருப்பவரிடம் இன்னொன்று விற்க ஒரு காரணம் வேண்டும். 'உங்ககிட்ட பெரிய சைக்கிள் இருக்கு, லைட்டா ஒண்ணு இல்லையே' என்பது நல்ல காரணம். யெட்டி நிறுவனம் பழைய ஏ.எஸ்.ஆர் பெயரையே 2024ல் மறுபடி கொண்டுவந்தது. பழைய பெயருக்கு இருக்கும் பாசமும் விற்பனைக்கு உதவும்.

விலையும் சும்மா இல்லை. எடையைக் குறைக்க கார்பன் ஃபைபர் வேண்டும். உச்ச மாடல்கள் 10,000 டாலரைத் தாண்டும். நம்ம ரூபாயில் 8 லட்சத்துக்கும் மேல். கடைசி ஒரு கிலோவைக் குறைக்கத்தான் பணம் தண்ணீராகச் செலவாகும். மேலே போட்ட கணக்குப்படி அந்த ஒரு கிலோவின் லாபம், 500 மீட்டர் ஏற்றத்தில் 25 வினாடிக்குள் அடங்கிவிடும்.

மறுபாதி உண்மை என்ன? வடிவம், சக்கரம், டயர், ட்ராப்பர் ஆகிய மாற்றங்கள் விளம்பரம் இல்லை. 1990களின் லைட் சைக்கிளையும் இன்றையதையும் அடுத்தடுத்து ஓட்டினால் யாருக்கும் தெரியும். பெயர் பழசு, பொருள் புதுசு.

நம்ம பக்கம் இதன் தாக்கம் என்ன?

இந்த விளையாட்டு இந்தியாவுக்கு அந்நியம் இல்லை. 2023 அக்டோபரில் ஆசிய மவுன்டெயின் பைக் சாம்பியன்ஷிப் கேரளத்தின் பொன்முடியில்தான் நடந்தது. ஆனால் மேலே சொன்ன விலையில் வாங்கி ஓட்டுபவர்கள் இங்கே மிகக் குறைவு.

நம்மில் பலருக்கு 'எம்டிபி' என்றால் கடையில் தொங்கும், தடித்த டயரும் முன்பக்க ஷாக்கும் வைத்த சைக்கிள்தான். இங்கே இந்த உலகப் போக்கிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. மலிவு சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க், அதன் எடைக்கு ஏற்ற வேலையைச் செய்வதில்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் நல்ல ஃபோர்க் ஒன்றரை கிலோ என்றால், இந்த இரும்பு ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரை கிலோ வரை வரும். உங்கள் உடல் எடைக்கு ஏற்ப சரிசெய்யவும் பெரும்பாலும் வழி இருக்காது. பின்பக்கமும் ஒரு ஸ்பிரிங் வைத்து 'டபுள் ஷாக்' என்று விற்றால், மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் உழைப்பு வீணாகும். ஆபீஸுக்கோ பள்ளிக்கோ தார் ரோட்டில் போகிறவருக்கு ஷாக் இல்லாத, கொஞ்சம் அகலமான டயர் வைத்த சைக்கிளே நல்லது.

உலகத்தின் சிறந்த வீரர்களே 'தேவைக்கு மேல் சஸ்பென்ஷன் வேண்டாம்' என்று ஓட்டும்போது, மேம்பாலம் ஏற நமக்கு எதற்கு?

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

என் பாதை எப்படிப்பட்டது? ஆண்டுக்கு ஒருமுறை போகும் பெரிய மலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாரம் மூன்று முறை ஓட்டும் பாதையை வைத்து முடிவு செய்யுங்கள். மண்ணும் சின்னக் கற்களும் ஏற்றமும் என்றால் 120 மி.மீ தாராளம்.

பெரிய சைக்கிள் ஏற்கெனவே இருக்கிறதே, மாற்றணுமா? முதலில் வேகமாக உருளும் டயரை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு. அப்புறமும் கனமாகத் தெரிந்தால் யோசிக்கலாம்.

ஹார்ட்டெயில் போதுமா? முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் இருப்பது ஹார்ட்டெயில். விலை குறைவு, பராமரிப்பு குறைவு. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இன்னும் நல்ல ஆசிரியர். ஒரே பட்ஜெட்டில் மலிவான 'டபுள் ஷாக்'கா, நல்ல ஹார்ட்டெயிலா என்றால், இரண்டாவதையே எடுங்கள்.

செட்டிங் யார் செய்வது? குறைந்த டிராவலில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் முக்கியம். நீங்கள் ஏறி நின்றதும் ஷாக் கால் பங்கு அளவு அமுங்குகிறதா என்று பார்த்து காற்றை வையுங்கள். அதற்கான சின்ன பம்ப் ஒன்று அவசியம்.

நான் கனமான ஆள், தாவ ஆசை. எனக்கு? பயன்பாட்டு வகை ஸ்டிக்கரையும், அந்த மாடலுக்கான அதிகபட்ச எடை வரம்பையும் கையேட்டில் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் 130, 140 மி.மீ டிரெயில் சைக்கிள் எடுப்பதில் வெட்கமே இல்லை.

சுருக்கமா சொன்னா...

லைட் சைக்கிள்களின் இந்த மறுவருகை, பெரிய சைக்கிள்களின் தோல்வி இல்லை. பெரிய சைக்கிள்களிடம் கற்ற வடிவத்தை, இலேசான உடம்பில் பொருத்தியதால் வந்த வெற்றி. எடை தரும் லாபம் விளம்பரம் சொல்வதைவிடச் சின்னது. டயரும் வடிவமும் தரும் லாபம் விளம்பரம் சொல்லாத அளவுக்குப் பெரியது. அதனால் கடையில் சைக்கிளைத் தூக்கிப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். முதலில் ஏற்றத்தில், அப்புறம் இறக்கத்தில். இரண்டிலும் நம்பிக்கை வந்தால் மட்டும் பர்ஸைத் திறங்கள்.